எண்பத்தேழாம் நம்பர் கவர்

இந்தப் பையைக் கொஞ்சம் உங்க காலுக்கடியில தள்ளிக்கட்டுங்களாக்கா? உடையறது ஒண்ணுமில்லீங்க, ரெண்டு நைட்டிதான். மைசூர்பாக்கு டப்பாவை மட்டும் மடியில வெச்சுக்கறேன். நசுங்கிப் போச்சுன்னா கொண்டுபோய்க் குடுக்கறதுக்கு அசிங்கமா இருக்கும். நீங்க எதுவரைக்கும்? பண்ணாரிக்குங்களா? அப்ப சத்தி போய் மாறணும். நான் கோபி தாண்டி வேங்கைப்புதூர்ல எறங்கிக்குவனுங்க. இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்குது. ஒண்ணேகால் மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து எத்தனை வருஷமாச்சுன்னு கேளுங்க. எனக்குச் சும்மா உக்காரவே வராதுங்க.

ஒரு நிமிஷங்க. சொல்லுங்க மேடம். மெரூன்ல எக்ஸ்எல் முடிஞ்சுதுங்க. பாட்டில் கிரீன் இருக்குது, ஜிப் வெச்சதும் இருக்குது, வெக்காததும் இருக்குது. சாயம் போகாதுங்க மேடம், அதுக்கு நான் கேரண்டி. அட்ரஸை டைப் பண்ணி அனுப்புங்க, சீட்டுல எழுதிப் போட்டோ எடுக்காதீங்க. சரிங்க. வெச்சர்றேன்.

மொத ரெண்டு தண்ணிக்குச் சாயம் போகத்தான் செய்யும். அதைச் சொன்னா யாருங்க வாங்குவாங்க?

நான் கோகிலாங்க. ஈரோட்டுல சூரம்பட்டிப் பக்கம் வீடு. எம்.ஏ. எகனாமிக்ஸ், எம்.ஃபில். கோயமுத்தூர்ல பிஎச்.டி. பண்ணிட்டிருக்கேன், பார்ட் டைம், ஆறாவது வருஷம். கூடவே ஆன்லைன்ல நைட்டி யாவாரம். மகிழினி நைட்டீஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லீங்களா? பரவால்லை. மகிழினி என்ற பாப்பா பேரு, ரெண்டாவது படிக்கறா. அதுபோகப் பெருந்துறைப் பக்கம் ஒரு காலேஜ்ல அசிஸ்டென்ட் புரபசர் வேலை. கிடைக்கலை, கிடைச்ச மாதிரிதான். தீசிஸை ஒப்படைச்ச ரசீதைக் கொண்டாங்க, மறுநாளே ஆர்டர் தர்றோம்னு கரஸ்பாண்டன்ட் சொல்லிட்டார். வர்ற ஒண்ணாந் தேதி வரைக்கும் அந்த எடத்தை எனக்காக வெச்சிருப்பாங்க. முப்பதாந் தேதியோட எனக்கு ஆறு வருஷம் முடியுதுங்க. அதுக்குள்ள தீசிஸை ஒப்படைக்கலைன்னா பதிவே ரத்து. இன்னிக்குத் தேதி இருபத்தொண்ணு. இப்பப் புரியுதுங்களா நான் ஏன் இந்த டப்பாவைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கேன்னு?

என்ற வீட்டுக்காரர் சிப்காட்ல ஷிப்ட் வேலைக்குப் போறவர். அவர் ஒரு நாள் நிதானமா உக்கார வெச்சுச் சொன்னாரு, மூணையும் இழுத்துட்டு ஓட முடியாது, ஒண்ணை விட்டுடு, எதுன்னு நீயே சொல்லுன்னு. உங்களை விட்டுடறேன்னு சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு. ஆனா நெசமா யோசிச்சுப் பாருங்கக்கா, எதை விடறது? யாவாரம் நானாப் புடிச்சு நானா நிமித்தினது. அதுல வந்த காசுலதான் வீட்டுக்கு மேல ஒரு ரூம் எடுத்தோம். படிப்பு எங்கப்பாவோட ஆசை. என்ற கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பக்கத்துல எம்.ஏ., எம்.ஃபில்., அப்புறம் அடைப்புக்குறி போட்டு அதுக்குள்ள பிஎச்.டி.ன்னு அச்சடிச்சுட்டார். அப்ப நான் பதிவே பண்ணலைங்க. மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் டாக்டர் பொண்ணு டாக்டர் பொண்ணுன்னு பேசிக்கிட்டாங்க. பத்து வருஷமா அந்த அடைப்புக்குறிக்குள்ளயே இருக்கேன். அதை அழிக்காம எங்கப்பா மொகத்தை எப்படிப் பாக்கறது?

காலேஜ் வேலை மட்டும் என் சொந்த ஆசை. ஒம்பதரைக்குப் போனா நாலரைக்கு வீடு. ஞாயித்துக்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்து போச்சுங்க.

இருங்க, இந்த பவர் பேங்க்கை மாட்டிக்கறேன். இந்த பஸ்ஸு ஏன் சித்தோட்டுலயே இப்படி நின்னுட்டான்? டீ குடிக்கறாங்களாட்ட இருக்குது.

யாவாரம் எப்படின்னு கேட்டீங்கன்னா, நான் தைக்கறதில்லை. தைக்கற கம்பெனிக்காரர் ஒருத்தர் இருக்கார். காத்தால அஞ்சரைக்கு அவர் புது டிசைன் போட்டோ எல்லாம் எனக்கு அனுப்புவார், அம்பது இருக்கும், அறுபது இருக்கும். நான் அதை என் வாட்ஸ்அப் குரூப்ல போடுவேன். குரூப்ல நூத்து நாப்பது பொம்பளைங்க. எல்லாம் வீட்டுல இருக்கறவங்க. அவங்க அதை எடுத்து அவங்கவங்க ஸ்டேட்டஸ்ல வெப்பாங்க. சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க பாத்துட்டு இந்தக் கலர் எனக்கு வேணும்னு கேப்பாங்க. இவங்க எங்கிட்டச் சொல்வாங்க, நான் கூரியர் போடுவேன், அவங்களுக்கு ஒரு பங்கு. முதல் போட வேண்டாம், வாசப்படி தாண்ட வேண்டாம். குரூப் பேரே மகிழினி குடும்பம். குடும்பம்னுதாங்க வெச்சிருக்கேன்.

ரூல்னு பாத்தா ரெண்டே ரெண்டு. போட்டோ வந்து அரை மணி நேரத்துல ஸ்டேட்டஸ் வெச்சரணும். நான் குரூப்ல என்ன போட்டாலும் பத்து நிமிஷத்துல பதில் வரணும். அதுக்குக் காரணம் இருக்குது. அதே போட்டோவை அந்தக் கம்பெனிக்காரர் என்னை மாதிரி இன்னும் எட்டுப் பேருக்கு அனுப்பறார். முந்தறவங்களுக்குத்தான் ஆர்டர். நான் கொஞ்சம் அசந்தா என்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுக்குவார். அந்த ஆளுகிட்ட நல்ல வார்த்தையே கிடையாது. அஞ்சு வருஷத்துல ஒரு நாள் சாப்பிட்டியான்னு கேட்டதில்லை. எதித்து ஒரு வார்த்தை பேச முடியாது, சரிங்க சரிங்கன்னே போகணும். மனுசத்தன்மையே இல்லாத ஆளுங்க.

சரி, ஆராய்ச்சிக்கு வர்றேன். தலைப்பைச் சொல்றேன் கேளுங்க. ஈரோடு மாவட்டத்தில் வீட்டிலிருந்தபடி இணைய வணிகம் செய்யும் பெண்களின் நேரப் பயன்பாடு. எப்படி? கைடு மேடத்துக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. வத்சலா மேடம்னு பேரு, கண்டிப்பானவங்க. மாசம் ஒருக்கா என்னைக் கூப்பிட்டு எப்படிம்மா போகுது, ஏதாச்சும் சிரமம் இருக்குதான்னு கேப்பாங்க. ஒரு சிரமமும் இல்லைங்க மேடம்னு சொல்லுவேன். அவங்ககிட்டப் போயி வேற என்னங்க சொல்றது? நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவங்க அவங்கதானே.

இந்த ஆராய்ச்சிக்குப் பொம்பளைங்ககிட்ட விவரம் வாங்கணும். அதுக்கு ஊர் ஊரா எங்க அலையறது? என் கையிலயே நூத்து நாப்பது பேர் இருக்கறாங்களே. அவங்களுக்கே கேள்விப் பாரத்தைக் கவர்ல போட்டுக் குடுத்துட்டேன். அவங்க என்ற ஆளுங்கன்னு கைடு மேடம்கிட்டச் சொல்லலைங்க. மறைக்கலை, அவங்க கேக்கலை, நான் சொல்லலை, அவ்வளவுதான்.

பாரம் நல்லாவே தயார் பண்ணியிருந்தேன். காத்தால நாலு மணியில இருந்து அரை மணிக்கு ஒரு கட்டம். அந்த அரை மணியில என்ன பண்ணுனீங்கன்னு எழுதணும், ஒரு நாளுக்கு. கடைசியில ஒரு கேள்வி, இந்தத் தொழிலில் உங்களுக்கு ஏதேனும் சிரமம் உண்டா. பேர் எழுத வேண்டாம், உங்க மனசுல இருக்கறதைத் தைரியமா எழுதுங்கன்னு குரூப்ல வாய்ஸ் மெசேஜே போட்டேன். கவர் மூலையில மட்டும் பென்சில்ல சின்னதா ஒரு நம்பர் போட்டிருந்தேன். எந்த நம்பர் யாருக்குன்னு எங்கிட்ட ஒரு நோட்டு இருக்குது. அது வேற ஒண்ணுக்கும் இல்லைங்க, யாராச்சும் திருப்பித் தராம விட்டா கேக்கறதுக்கு.

எல்லாரும் திருப்பிக் குடுத்தாங்க. சொன்ன தேதிக்கு ஒரு நாள் முந்தியே. கோயமுத்தூர்ல என் கூடப் படிக்கறவங்களுக்கெல்லாம் பொறாமை, அவங்களுக்கு நூறுக்கு முப்பது திரும்பி வந்தாப் பெரிசு. உக்காந்து ஒவ்வொண்ணாக் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். சிரமம் உண்டா, இல்லை. சிரமம் உண்டா, இல்லை. சிரமம் உண்டா, ஒரு சிரமமும் இல்லை, மேடம் தங்கமானவங்க. ஏத்த ஏத்த எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. நாம இத்தனை பேருக்கு நல்லது பண்ணியிருக்கமேன்னு. எண்பத்தாறு வரைக்கும் அப்படித்தான்.

எண்பத்தேழுல வந்துதுங்க வினை.

நீங்க தப்பா நினைச்சாலும் பரவால்லை, அதை அப்படியே சொல்றேன். எனக்கு மனப்பாடம். 4.30 எழுந்தேன், போன் பார்த்தேன், போட்டோ வரவில்லை. 5.00 போன் பார்த்தேன், வரவில்லை. 5.30 போட்டோ வந்தது, ஐம்பத்திரண்டு, ஸ்டேட்டஸ் வைத்தேன், பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. இப்படியே போகுதுங்க. மத்தவங்கெல்லாம் சமையல், துவையல், தொழில், ஓய்வுன்னு ஒத்தை வார்த்தை எழுதியிருக்காங்க. இவ கதை எழுதி வெச்சிருக்கா. மத்தியானக் கட்டத்துல, சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. நாலு மணிக் கட்டத்துல, பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஏதோ சொன்னாள், ம் என்றேன். நாலரை மணிக் கட்டத்துல, என்ன சொன்னாய் என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள்.

கடைசிக் கேள்விக்கு என்ன எழுதியிருந்தா தெரியுங்களா? சிரமம் இல்லை. இருக்கிறது என்று எழுதினால் மேடம் குரூப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் இல்லை.

பாருங்கக்கா. நான் அப்படிப்பட்டவளா? ஒருத்தியை எழுதினதுக்காக எடுத்துருவேனா? நோட்டை எடுத்துப் பாத்தேன். எண்பத்தேழு, மலர்க்கொடி, வேங்கைப்புதூர். எனக்கு நம்பவே முடியலை. அந்த ஊர்ல மொதல்ல சேந்தவளே அவதான். அவ சொல்லித்தான் இன்னும் பதிமூணு பேர் சேந்தாங்க. போன தீபாவளிக்கு அவளுக்கு நானே பாட்டிக் நைட்டி ஒண்ணு சும்மா அனுப்பினேன். நல்லா இருந்துச்சான்னு கேட்டதுக்கு ரொம்ப நல்லா இருக்குதுங்க மேடம்னா. மனசுல இத்தனையை வெச்சுட்டு எப்படிங்க அப்படிச் சிரிச்சுப் பேச முடிஞ்சுது? அந்தக் கோவத்துலதாங்க, அந்த நிமிஷமே அவளைக் குரூப்பை விட்டு எடுத்துட்டேன்.

அது அவ எழுதினதுக்காக இல்லைங்க. நம்பிக்கைத் துரோகம் பண்ணினதுக்காக. அது வேற, இது வேற.

அவளும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலை. குரூப்லயும் ஒருத்தியும் கேக்கலை. அடுத்த நாள் காத்தால போட்டோ போட்டேன், எல்லாரும் எப்பவும் போல அஞ்சே நிமிஷத்துல கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டாங்க. ஆடித் தள்ளுபடி முடிஞ்ச சமயம் அது. நானும் மறந்துட்டேன்.

போன வாரம் தீசிஸ் மொத்தத்தையும் அடிச்சு எடுத்துட்டுக் கோயமுத்தூர் போனேன். இருநூத்தி அறுபது பக்கம். கைடு மேடம் அட்டவணையெல்லாம் பாத்தாங்க. பாத்துட்டு, பாரங்களைக் கொண்டு வந்தியான்னு கேட்டாங்க. யாருங்க பாரத்தைக் கேப்பாங்க? அட்டவணை பாத்தாப் போதாதா? நல்ல வேளை, வாடகைக் கார்லயே வெச்சிருந்தேன்னு எடுத்துக் குடுத்தேன். மேசை மேல பரப்பிட்டு ஒண்ணொண்ணாப் பொறட்டறாங்க. எனக்கு ஒரு பக்கம் போன் அடிச்சுட்டே இருக்குது, பையில வெச்சு அமுக்கிப் புடிச்சுட்டிருக்கேன். திடீர்னு ஒரு பாரத்தை மட்டும் தனியா எடுத்து வெச்சாங்க. தலைகீழா இருந்தாக்கூட எனக்குத் தெரியும், அது எதுன்னு.

“நூத்து முப்பத்தொம்பது பேரு பரிட்சை எழுதியிருக்காங்க கோகிலா. இந்த ஒரு பொண்ணுதான் நம்மகிட்டப் பேசியிருக்கு”ன்னாங்க. இதை வெச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட முடியாதாம். இந்தப் பொண்ணைப் போயிப் பாரு, ரெண்டு மணி நேரம் உக்காந்து பேச விடு, அதை ஒரு அத்தியாயமா எழுது, இருபத்தஞ்சாந் தேதிக்குள்ள கொண்டு வா, அப்பப் போடறேன். இதுதான் அவங்க முடிவு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அந்தக் கடைசி வரியில விரல் வெச்சுக் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி, “யாரு இந்த மேடம்? முடிஞ்சா அந்த அம்மாவையும் ஒரு பேட்டி எடு.”

சரிங்க மேடம்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்னங்கக்கா சொல்றது?

சிரிக்காதீங்க. நானும் முதல்ல சிரிச்சேன். காருல வந்து உக்காந்து சிரிச்சுட்டு அப்புறமேட்டு அழுதேன்.

ஒரு நிமிஷங்க, பாப்பா ஸ்கூல்ல இருந்து. இல்லை, மெசேஜ்தான். வீட்டுக்காரர் பாத்துக்குவார். காத்தால கிளம்பறப்ப பாப்பா என்னமோ சொல்லிட்டே பின்னால வந்தா, ஸ்கூல்ல என்னமோ ஒரு சமாச்சாரம். அம்மாவுக்கு நேரமாச்சு தங்கம், வாய்ஸ் மெசேஜ்ல போட்டு விடு, பஸ்ல கேக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். இன்னும் கேக்கலை. கேக்கணும். கவுந்தப்பாடி வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா?

நாலு நாளா மலர்க்கொடிக்குப் போன் போடறேன், எடுக்கவே மாட்டேங்கறா. மெசேஜ் போட்டேன், எப்படி இருக்கீங்க மலர், பாப்பா நல்லா இருக்காளான்னு. ரெண்டு டிக் விழுந்துது, நீலமாகலை. அதனாலதான் நேராவே கிளம்பிட்டேன். என்ன பண்ணப்போறேன்னா, மொதல்ல இந்த நைட்டியைக் குடுப்பேன், மைசூர்பாக்கைக் குடுப்பேன், தவறுதலா விரல் பட்டுக் குரூப்பை விட்டுப் போயிட்டீங்க, உடனே சேத்துக்கறேன்னு சொல்லுவேன். அப்புறம் பேட்டி. கேள்வியெல்லாம் எழுதி வெச்சிருக்கேன். பதிலும் ஓரளவுக்கு எழுதி வெச்சிருக்கேன். அவளுக்குச் சுலபமா இருக்கும் பாருங்க. சிரமமே சொல்லக் கூடாதுன்னு இல்லை, கைடு மேடத்துக்கு அதுதானே வேணும். நாலு சிரமம் சொல்லட்டும், ஆறு நல்லதும் சொல்லட்டும்னு பிரிச்சு வெச்சிருக்கேன். அந்த மேடம் யாருங்கற பேச்சு மட்டும் வராமப் பாத்துக்கணும்.

இதுல ஒரு தப்பும் இருக்கறதா எனக்குத் தோணலை. உங்களுக்குத் தோணுதுங்களா? நீங்க பேசவே மாட்டேங்கறீங்க. நானே பேசிட்டு வர்றேன். பாருங்க, கோபிகூடத் தாண்டிருச்சு.

அய்யோ, அவதான். மலர்க்கொடிதான் கூப்பிடறா. இருங்கக்கா, இருங்க. இந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க.

மலரு? எப்படிம்மா இருக்கீங்க? நான் உங்க ஊருக்குத்தான் வந்துட்டிருக்கேன், கோபி தாண்டிட்டேன். இல்லைங்க, அது தவறுதலா... சரி. சரி சொல்லுங்க. எந்தக் கவரு? ஆமா, எண்பத்தேழு. என்னது? எப்ப? அத்தனையுமா? மலரு, ஒரு நிமிஷம். நான் சொல்றதைக் கேளுங்க. சேத்துக்கறேன், இப்பவே சேத்துக்கறேன். மலரு? ஹலோ?

வெச்சுட்டாக்கா.

என்ன சொன்னான்னு கேட்டுச்சுங்களா உங்களுக்கு? கேட்டிருக்காது. நான் அவளை எதுக்கு எடுத்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது, பாரத்துனாலதான்னு. எடுத்த எடுப்புல அதைத்தான் சொன்னா. “கவர் மூலையில நம்பர் போட்டிருந்தீங்களே மேடம். பேர் வேண்டாம்னு சொல்லிட்டு நம்பர் எதுக்குன்னு எங்களுக்குப் பயமாப் போச்சுங்க. ஊர்ல மகளிர் குழுக் கூட்டம் முடிஞ்சதும் பதினாலு கவரையும் பாய் மேல கொட்டிக் கலக்கிட்டோம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போனோம். எண்பத்தேழு யாரு கைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டனுங்க.”

அவ எழுதலையாம்க்கா. “நான் சிரமம் இல்லைன்னுதாங்க எழுதினேன். இருந்தும் எடுத்துட்டீங்க”ங்கறா. கோவமாக்கூடச் சொல்லலை. திரும்பச் சேத்துக்கறேன்னு சொன்னதுக்கு, வேண்டாங்க மேடம், இப்பக் காத்தால ஆறு மணிக்குத்தான் எந்திரிக்கிறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

என்ன தைரியம்னு பாருங்க. கலக்கிட்டாங்களாம். ஆராய்ச்சின்னா என்ன, தாயக்கட்டையா? ஒழுங்கா வரிசையா நம்பர் போட்டு, நோட்டுல எழுதி, எத்தனை பாடுபட்டிருக்கேன் நான். பதினாலு பேரும் குழுவுல உக்காந்து என்னைப் பத்திப் பேசியிருக்காங்க பாருங்க. எனக்குப் பயந்துட்டு. என்னைப் பாத்துப் பயப்படறதுக்கு என்னங்க இருக்குது?

இப்ப என்ன பண்றது? அத்தியாயம் வேணும். இருபத்தஞ்சாந் தேதி. எழுதினது அந்தப் பதிமூணுல ஒருத்தி. அவ இன்னும் குரூப்லதான் இருக்கா. இன்னிக்குக் காத்தாலகூடக் கட்டை விரல் காட்டியிருக்கா. இருங்க, குரூப்லயே கேட்டுப் பாத்தர்றேன். பொறுமையாக் கேட்டாச் சொல்லாமலா போயிருவா?

இப்படிப் போடட்டுங்களா, கேளுங்க. அன்பு மகிழினி குடும்பத்துக்கு வணக்கம். ஆராய்ச்சிப் பாரத்தில் எண்பத்தேழாம் நம்பர் கவரில் எழுதியது யார்? தப்பாக நினைக்க மாட்டேன். உண்மையை எழுதியதற்கு நன்றி. எனக்குத் தனியாக மெசேஜ் செய்யவும். நல்லா இருக்குதில்லீங்க? அனுப்பிட்டேன்.

பத்து நிமிஷம்தான். பத்து நிமிஷத்துல எல்லாரும் பதில் போட்டுருவாங்க, என் ஆளுங்க அப்படி. பாருங்க, அதுக்குள்ள வருது. நான் இல்லைங்க மேடம். இது சாந்தாமணி, வேங்கைப்புதூர்தான். நான் இல்லை மேடம், இது அவ நாத்தனா. இவங்க பாருங்க, படிக்கவே இல்லை, சூப்பர் கலர் மேடம் எனக்கு ரெண்டு எடுத்து வைங்கன்னு போட்டிருக்காங்க. எந்தக் கலரு? நான் இல்லைங்க. சத்தியமா நான் இல்லைங்க மேடம். எனக்கு ஒரு சிரமமும் இல்லைங்க மேடம். நம்பியூர்ல இருந்து ஒருத்தி, அவளுக்கும் இந்தக் கவருக்கும் சம்பந்தமே இல்லை, நானும் இல்லைங்கறா. தாளவாடியில இருந்தெல்லாம் வருது. நிக்கவே மாட்டேங்குது பாருங்க. தனி மெசேஜ் ஒண்ணும் இல்லை. ஒண்ணே ஒண்ணுகூட இல்லை.

வேங்கைப்புதூர் மட்டும் எண்ணிப் பாக்கறேன் இருங்க. ஒம்பது. பத்து. பதினொண்ணு. இதோ ஜீவிதா. பன்னண்டு. இன்னும் ஒருத்தி, பேச்சியம்மா. டைப்பிங்னு காட்டுது. நின்னுருச்சு. மறுபடியும் காட்டுது. நின்னுருச்சு. இவதாங்க்கா. இவளாத்தான் இருக்கணும். இவளுக்கும் ஒரு பொம்பளப் புள்ளை இருக்குது. எழுது கண்ணு, எழுது, ஒண்ணும் பண்ண மாட்டேன்.

வந்துருச்சு.

நான் இல்லைங்க மேடம்.

பதிமூணு பேரும் இல்லையாம்க்கா.

என்னங்க, வேங்கைப்புதூரா? எறங்கறேன் கண்டக்டர், எறங்கறேன், விசில் அடிச்சுராதீங்க. எந்த வீட்டுக்குப் போறது நான்? எந்தக் கதவைத் தட்டி இந்த மைசூர்பாக்கைக் குடுக்கறது? எனக்கு இப்பத்தாங்க்கா பயமா இருக்குது. அந்தப் பையை எடுத்துக் குடுங்க. நீங்க வெளி ஆளு, உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லை, இத்தனை நேரம் கேட்டுட்டு வந்தீங்க. ஒண்ணே ஒண்ணு உள்ளதைச் சொல்லுங்க. என்னைப் பாத்தா உங்களுக்கு அப்படித் தோணுதுங்களா? அந்தப் பாரத்துல எழுதியிருந்த மாதிரி?

நீங்களும் அதெல்லாம் ஒண்ணும் இல்லை அம்மிணின்னுதானே சொல்றீங்க.